பச்சைப் பீரோவின் சாவி

அன்புள்ள கண்ணு,

இன்று காலை எழுந்ததும் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் நான் முதலில் செய்தது, வீட்டுப் பீரோவைத் திறந்து உன் சான்றிதழ் ஃபைலை எடுத்ததுதான். வியாழக்கிழமை நீ போனில் கேட்டிருந்தாய். சென்னையில் கல்லூரி ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் அசல் சான்றிதழ்களை எல்லாம் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கல்லூரியில் கேட்கிறார்கள், கூரியரில் அனுப்பிவிடு என்றாய். "எல்லாக் காலேஜ்லயும் இதே பழக்கந்தானேம்மா, உங்க காலேஜ்லயும் வாங்கித்தானே வெப்பீங்க" என்று சாதாரணமாகக் கேட்டாய். ஆமாம் என்றேன். அனுப்புகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அந்த 'ஆமாம்' எனக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறது.

ஃபைலைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பரப்பினேன். லாரி காகிதங்கள் வைப்பதற்கு வாங்கிய நீல ஃபைலில் ஒன்றை எடுத்து, அதன்மேல் உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியவர் உன் அப்பா. பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரிக்குப் பின்னால் பெயர் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார், நிழல் எல்லாம் விட்டு. பத்தாம் வகுப்புத் தாளில் உன் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தாளைக் கையில் எடுத்தபோது மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அது உன் மதிப்பெண் பட்டியல்தான் என்றாலும், எனக்கு அது என் வருஷமும்கூட. நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷத்தில்தான் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன்.

இதே மேசைதான். விடியற்காலை ஐந்து மணிக்கு நீ அந்தப் பக்கம் வேதியியலோடும், நான் இந்தப் பக்கம் ஆய்வு முறையியல் புத்தகத்தோடும் உட்காருவோம். பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்குப் பாடம் படிக்க மறந்துபோயிருந்தது. ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்காது. நீ என் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாதிரி எடுக்கும் முறைகள் எத்தனை என்று கேட்பாய். நான் நாலு சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குத் தலையைச் சொறிவேன். "அம்மா ஃபெயில்" என்று சிவப்புப் பேனாவில் என் நோட்டில் சுழித்து வைப்பாய். அப்பா டீ போட்டுக்கொண்டு வந்து, "ரெண்டு பேர்ல ஆருக்குப் பரிட்சைன்னு சொல்லுங்க, அவங்களுக்கு மட்டுந்தான் டீ" என்பார். அப்புறம் இரண்டு டம்ளரையும் வைத்துவிட்டுத்தான் போவார். என் நாற்பத்தொன்பது வருஷத்தில் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற காலை வேளைகள் அவைதான், கண்ணு. பட்டம் இருக்கட்டும், அந்த மேசை வேண்டும்.

சனிக்கிழமைகளில் வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்க அயோத்தியாப்பட்டணம் போவேன். நாமக்கல்லிலிருந்து சேலம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். உன் தேர்வு முடிந்த கோடையில் நீயும் துணைக்கு வந்தாய். அவர் என் தாள்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் முன்னறையில் உட்கார்ந்து அவருடைய பழைய பத்திரிகைகளைப் புரட்டுவாய். திரும்பும்போது அம்மாபேட்டையில் இறங்கித் தட்டுவடை செட் வாங்கித் தந்தால்தான் பஸ் ஏறுவாய். ஒரு தடவை, வாயில் பீட்ரூட் துருவலோடு என்னைக் கேட்டாய், "உங்க தலைப்புல 'தலைமை', 'தலைமை'ன்னு வருதே, தலைமைன்னா ஆரும்மா? பிரின்சிபாலா, தாளாளரா?" என்று. தனியார் கலைக் கல்லூரிகளில் தலைமை எப்படி முடிவெடுக்கிறது, அந்த முடிவு ஆசிரியர்களின் வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. நான் ஏதோ பெரிதாக விளக்கினேன். முடிவெடுக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் தலைமை, பதவிப் பெயர் எதுவானாலும் சரி என்றேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என்னை நான் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை.

நீ போனில் கேட்டதை அன்றே அப்பாவிடம் சொன்னேன். பட்டறையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "லாரிக்கு ஆர்.சி. புக்க ஃபைனான்ஸ்காரன் வெச்சுக்கறான்னா, அவன் பணம் குடுத்திருக்கான் அம்மிணி. காலேஜ்காரன் வாத்தியாருக்கு என்னத்தக் குடுத்துப்போட்டு ஒரிஜினலப் புடிச்சு வெக்கறான்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கட்டச் சாவி இருக்குதுல்ல, உனக்குத் தெரியாமயா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சாவி என்கிட்டேதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் தாளாளர் அறைக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்புப் பீரோ இருக்கிறது. சின்ன வயதில் விடுமுறைக்கு என்னோடு வரும்போது அதன்மேல் காந்தங்களை ஒட்டி விளையாடியிருக்கிறாய். வேலைக்குச் சேருகிற ஒவ்வோர் ஆசிரியரும் தன் அசல் சான்றிதழ்களைக் காக்கி உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, அதற்குள் வைத்துவிட வேண்டும். வேலையை விடுவதென்றால் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் வேலை பார்த்து முடித்த பிறகுதான் உறை திரும்பக் கிடைக்கும். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பணி நியமன ஆணையிலும் இருக்காது. எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் கொடுக்கிறோம். நானும் சேர்ந்த அன்றைக்கே கொடுத்தேன். முனைவர் பட்டப் பதிவுக்கு அசல் தேவைப்பட்டபோது ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் யாரும் கேட்காமலே நானே கொண்டுவந்து வைத்துப் பூட்டினேன். ஆய்வு செய்யப் போகிறவள் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை பார்.

உனக்குப் பதினோரு வயதில் என்னைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். அதோடு சேர்த்து அந்தப் பீரோ சாவியையும் கொடுத்தார்கள். நம்பிக்கையான ஆளிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்று தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடையாள அட்டைக் கயிற்றிலேயே அதையும் கோத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்களிடம் பூங்கொடி என்று கணித ஆசிரியை ஒருத்தி இருந்தாள். எடப்பாடிக்காரி, வீட்டில் விசைத்தறி. அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். அரசுக் கல்லூரி வேலைக்கு எழுதித் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். "திங்கக்கிழமை சென்னையிலங்க மேடம். ஒரு நாள் குடுத்தாப் போதுங்க. செவ்வாய்க்கிழமை காலேஜ் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து வெச்சர்றேங்க" என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. ஒவ்வோர் ஆசிரியரையும் சான்றிதழையும் நேரில் வைத்துப் பார்ப்பார்கள். தாளாளர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன். "கமிட்டி வந்துட்டுப் போற வரைக்கும் ஒரு கவரும் வெளிய போகக் கூடாதுங்க மேடம், நீங்க பாத்துக்கங்க" என்றார். நான் பூங்கொடியிடம், ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டு முடித்த பிறகுதான் அப்படிச் சொன்னேன். சனிக்கிழமை முழுக்க அவள் கூப்பிட்ட போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் அவள் அப்பாவும் வண்டியில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு வரைபடத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். "அம்மா ஊட்ல இல்லைன்னு சொல்லு கண்ணு. எங்கன்னு கேட்டாத் தெரியாதுன்னு சொல்லிப்போடு" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல் கேட்டுக்குப் போனாய். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து மிக்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், ஓட்டவும் முடியாமல். நீ திரும்பி வந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனாய். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. காலிச் சொம்போடு வந்து, "அந்த அக்கா எதுக்கும்மா அழுதாங்க?" என்று கேட்டாய். பெரியவங்க விஷயம் என்றேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கு மறந்திருக்கலாம். மறந்திருந்தால் இதை எழுதி நானே நினைவுபடுத்துகிறேன்.

அவளுக்கு அந்த அரசு வேலை போயிற்று. ஆய்வுக் குழு வந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து உறையைக் கையெழுத்து போட்டு வாங்கிக்கொண்டு பூங்கொடி போனாள். கொடுத்தது நான்தான். "வாரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையும்தான். மேலே இருக்கிறவர் சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான் என்று இருந்தேன். வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லாமலேகூடப் பீரோவைத் திறந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலைக்குள் அவள் கொண்டுவந்திருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. இது இரண்டும் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆய்வுக்காகக் கல்லூரிகளை விட்டுப் போன ஆசிரியர்களைப் பேட்டி எடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தது தைரியத்தினாலா, ஏதாவது ஒரு விதத்தில் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பினாலா, இப்போதும் தெரியவில்லை. கூப்பிட்டேன். வரச் சொன்னாள். இப்போது எடப்பாடியிலேயே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாள். அடுத்த முறை அரசு வேலைக்கு அறிவிப்பு வந்தபோது அவள் பிள்ளை உண்டாகி, மருத்துவர் எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லியிருந்த சமயமாம். நான் போனபோது பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு பதிவாக வேண்டுமே என்று அவள் கணவரிடம் சொல்லி நிறுத்தச் சொன்னாள். ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். நிர்வாக முடிவு எதுவாவது உங்கள் பணி வாழ்க்கையைப் பாதித்ததா என்பது ஒன்பதாவது கேள்வி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்க ஒரு மேடம் இருந்தாங்க. நல்ல மாதிரிங்க. பாடம் நடத்துனா அப்புடி நடத்துவாங்க. பீரோ சாவி அவங்ககிட்டதான் இருந்துச்சு. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, நானும் எங்கப்பாவும் அன்னைக்கே மறந்திருப்போமுங்க. ஊட்ல இல்லைன்னு சொல்ல உட்டாங்க. உள்ள கொழம்பு தாளிக்கற வாசம் வந்துட்டு இருக்குது." நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், கண்ணு. என் கை தானாக எழுதியது. பதிவை நிறுத்தியதும் எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்து, "பாப்பா இப்ப என்னங்க பண்ணுது?" என்று கேட்டாள். முதுகலை முடித்துவிட்டாய் என்று சொன்னேன். "நல்லா இருக்கட்டுங்க. தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்கன்னு எங்கப்பாகிட்டச் சொம்பக் குடுத்த புள்ள" என்றாள். நான் சொல்லாத ஒன்றை அன்றைக்கு நீயாகவே செய்திருக்கிறாய். பதினோரு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பி ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் அதை எழுதினேன். அவள் 'ஆசிரியர் ஏழு' ஆனாள். நான் 'பொறுப்பாளர் ஒருவர்' ஆனேன். பெயர்களை மறைப்பது ஆய்வு நெறி என்பதால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. கடைசி அத்தியாயத்துப் பரிந்துரைகளில், ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்துவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று தட்டச்சு செய்தேன். அப்போது சாவி என் கைப்பையில்தான் இருந்தது.

போன மாதம் வழிகாட்டி அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாவது பேட்டி நல்லா வந்திருக்கும்மா. அந்தச் சாவி வெச்சிருந்த அம்மாவையும் பாத்தீங்களா? அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் இது முழுசாகும்" என்றார். நான், "அவங்க கிடைக்கலைங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இந்தத் தடவை கேட்டுக்கு அனுப்ப நீ பக்கத்தில் இல்லை, நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அம்மாபேட்டையில் இறங்காமல் நேராக வீட்டுக்கு வந்தேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மே மாதத்தோடு எங்கள் முதல்வர் ஓய்வு பெறுகிறார். என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாளே எனக்குத்தான் ஆணை என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அந்த நாற்காலியில் நான் எத்தனை முறை மனதுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் தெரியுமா? அந்த அறையில் எந்த மேசையை எங்கே திருப்பிப் போடுவது என்பது வரைக்கும். சொல்லும்போதே அவர், "நம்ம காலேஜ் சமாச்சாரம் எதுவும் உங்க புக்குல வராமப் பாத்துக்கங்க மேடம்" என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகத் தலையாட்டினேன். முதல்வர் ஆன பிறகு இந்த வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நாற்காலிக்கு முன்பாகவே என்னிடம் ஒரு சாவி இருந்தது. பதின்மூன்று வருஷமாக இருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தானே பார்க்க வேண்டும்?

நீயும் இப்போது ஓர் ஆசிரியை. என்றைக்காவது உன்னிடமும் ஒரு சாவி வரும், ஒரு பட்டியல் வரும், கையெழுத்து போடுகிற உரிமை வரும். கொடுக்கும்போது உன்னைப் பாராட்டித்தான் கொடுப்பார்கள். அன்றைக்குச் சந்தோஷப்படு, தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு யாராவது உன் வாசலுக்கு வந்தால் நீயே எழுந்து போ. முடியாது என்றால்கூட நீயே சொல். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

உன் ஃபைலைக் கூரியரில் அனுப்பப் போவதில்லை. அதற்காக நானே வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றால், நானும் அந்தப் பீரோ மாதிரிதான் ஆவேன். அடுத்த வாரம் அப்பா பட்டறை வேலையாகச் சென்னை வருகிறார். ஃபைலையும் இந்தக் கடிதத்தையும் உன் கையிலேயே கொடுப்பார். அசலைக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்று உன் அலுவலகத்தில் சொல்லிப் பார். ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வேலையே இல்லை என்றும் சொல்லலாம். கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உன் இஷ்டம். கொடுத்தாலும் நான் உன்னைத் தாழ்வாக நினைக்கமாட்டேன், என் உறையும் அங்கேதானே இத்தனை வருஷம் இருந்தது.

இருந்தது என்று எழுதிவிட்டேன். இன்னும் இருக்கிறது. நாளைக் காலை வரைக்கும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற உன் அப்பாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நாளைக்குக் கல்லூரி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஏழு மணி டவுன் பஸ்ஸிலேயே போய்விடுவேன். பச்சைப் பீரோவைத் திறந்து எல்லா உறைகளையும் வெளியே எடுத்து, ஆசிரியர்கள் வர வர ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுக்கப் போகிறேன். என்னுடையதைக் கடைசியாக எடுத்துக்கொள்வேன். சாவியைப் பீரோவிலேயே விட்டுவிடுவேன். அப்புறம் என் அறையில் உட்கார்ந்து ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்து, 'பொறுப்பாளர் ஒருவர்' என்று இருக்கிற இடத்தை அடித்துவிட்டு, அது நான்தான் என்று எழுத வேண்டும். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். அதற்குச் சில பக்கங்கள் ஆகும்.

தாளாளர் பத்து மணிக்கு வருவார். வந்ததும் என்னைக் கேட்டு ஆள் அனுப்புவார். நான் இருப்பேன்.

அம்மா